75 ஆயிரம் ரூபாயை எங்கே போடுவது? காரை "இறக்க" ஆசைப்பட்ட வாலிபரும், கணக்குக் கேட்ட மாமாவும்

சென்னை,

கார் நடுத்திட்டில் ஏறி நின்றது. அதற்கு 20 அடி பின்னால், நடுரோட்டில், ஒரு ஸ்பிரிங் மட்டும் தனியாகக் கிடந்தது!

இடம், கிழக்குக் கடற்கரைச் சாலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஓட்டி வந்தவருக்கு வயது 26. வேகத்தடையைக் கவனிக்காமல் வந்திருக்கிறார். கார் ஒரு துள்ளு துள்ளியது. கீழே இறங்கியபோது பின்பக்கத்து ஸ்பிரிங் அதன் இடத்தில் இல்லை. ஆள் பிழைத்துக்கொண்டார். இடது கையில் எலும்பு முறிவு.

ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தார்கள். அடியில் ஒரு சுற்று இல்லை. அறுத்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

"வண்டி சும்மா ஜம்முனு தரையோட உட்காரும்" என்று சொல்லி, 2 ஆயிரம் ரூபாய்க்கு யாரோ ஒரு புண்ணியவான் அறுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் இருந்தது. அடுத்த வாரம் தன் காரையும் கொண்டுவருவதாகச் சொல்லி, அதே ஆளிடம் 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து வைத்திருந்தார் அவர்!

சிவப்பு போலோ

இந்த நண்பர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். வயது 27. கல்யாணம் ஆகவில்லை. அவருடைய கார், 2014-ம் வருடத்து போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. சிவப்பு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 82 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடி முடித்தது.

என்ஜின் 1.2 லிட்டர்தான். ஆனால் டர்போ உண்டு. 105 குதிரை சக்தி. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். பார்க்க சாதுவாக இருக்கும், மிதித்தால் பாயும். 2013-ல் விற்பனைக்கு வந்தது. 2022-ல் நம் நாட்டில் போலோ தயாரிப்பே நின்றுபோனது. நின்ற பிறகும் அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

சின்னக் காரைப் பந்தயக் கார் போல ஆக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் 1959-ல் வந்த மினி கார், பால்காரரும் டாக்டரும் வாங்கட்டும் என்று செய்த குட்டிக் கார். அதை கூப்பர் என்பவர் கை வைத்துத் தட்டி எழுப்பினார். 1964, 1965, 1967 என்று மூன்று தடவை மான்டி கார்லோ போட்டியில் முதலாவதாக வந்தது. ஜெர்மனிக்காரர்கள் 1976-ல் கோல்ப் ஜி.டி.ஐ. என்ற காரை விற்க ஆரம்பித்தார்கள். வீட்டுக் காரையே எடுத்து, பெரிய என்ஜின் வைத்து, உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, சஸ்பென்ஷனை இறுக்கினார்கள். அங்கே பிடித்தது இந்தப் பைத்தியம்.

நம் ஊரில் சோழவரம் இருந்தது. யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். பியட் 1100 கார்கள் சீறிக்கொண்டு போகும். பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி, சென்னை நகர வீதியிலேயே ராத்திரியில் பார்முலா-4 பந்தயம் நடந்ததை ஊரே பார்த்தது. அதன் பிறகு வாலிபர்களைக் கேட்கவா வேண்டும்?

டயரியில் எழுதிய கணக்கு

வாலிபர் கையில் இருந்தது 75 ஆயிரம் ரூபாய். ஒன்றரை வருடம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். அதற்கு ஒரு டயரியில் கணக்கு எழுதி வைத்திருந்தார்:

17 அங்குல அலாய் வீல், அதற்குத் தகுந்த டயர்: 62 ஆயிரம். பானட்டுக்குள் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி: 5 ஆயிரம். ஸ்டிக்கர், பிரேக்குக்குச் சிவப்பு பெயின்ட்: 6 ஆயிரம். நான்கு ஸ்பிரிங்கையும் அறுப்பது: 2 ஆயிரம்.

கூட்டினால் சரியாக 75 ஆயிரம். ஒரு பைசா மிச்சமில்லை.

இந்த டயரியைப் பார்த்தவர் அவருடைய தாய்மாமா. அயனாவரத்தில் குடியிருக்கிறார். அரசாங்க ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கணக்கு தெரியும்.

"ஏன் மாப்ளே, இதுல ரிப்பேர்னு ஒரு வரி கூட இல்லையே?" என்று கேட்டார்.

"வண்டி நல்லாத்தான் மாமா ஓடுது."

"நல்லா ஓடுதுன்னு யாரு சொன்னா? கீழே படுத்துப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. மறுநாள் அயனாவரத்தில் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஷெட்டுக்குக் காரைக் கொண்டுபோனார்கள். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட 60 வயது. எல்லோருக்கும் அவர் "பாய்". இவருடைய தகப்பனாரும் மெக்கானிக். நம் சென்னையில், ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-ல் தயாரிக்க ஆரம்பித்த ஹெரால்டு கார்களை ரிப்பேர் பார்த்தவர். அந்தக் காரை வளைவில் வேகமாகத் திருப்பினால் பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். "வண்டி திரும்புறது என்ஜின்ல இல்ல, அடியில இருக்கு" என்று தகப்பனார் சொல்வாராம். பாய் அதைச் சொல்லிவிட்டுத்தான் எந்தக் காரையும் தூக்குவார்.

தூக்கிப் பார்த்தபோது...

கார் மேலே போனது. பாய் டார்ச் அடித்தார்.

முன்பக்கம் வலது ஷாக் அப்சர்பரில் ஆயில் கசிந்து, அதன் மேல் மண் அப்பியிருந்தது. லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருந்தது. லிங்க் ராடைக் கையால் ஆட்டினால் "கடக் கடக்". ஷாக்குக்குள் இருக்கும் பம்ப் ஸ்டாப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது, மக்கிப்போன மிக்சர் மாதிரி.

டயர் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பட்டன் தேயவில்லை. பாய் டயரின் பக்கவாட்டில் இருந்த 4 எண்களைக் காட்டினார். 2317. அப்படியென்றால் 2017-ம் வருடம், 23-வது வாரம் செய்த டயர். ரப்பர் கல்லாகிவிட்டது. இந்த 4 எண் எல்லா டயரிலும் உண்டு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் பெயின்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை.

"தம்பி, இந்த நிலைமையில நீ ஸ்பிரிங்கை அறுத்து, 17 சைஸ் வீலும் மாட்டியிருந்தா, உன் சிநேகிதனுக்குப் பக்கத்துக் கட்டில்லதான் உனக்கும் இடம்" என்றார் பாய்.

வாலிபர் வாய் திறக்கவில்லை.

தூளியும் கையும்

ஸ்பிரிங்குக்கு ஒரு வேலை. ஷாக் அப்சர்பருக்கு வேறு வேலை. பெயரை வைத்து ஏமாறக்கூடாது. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங்தான். வண்டியின் எடையைத் தாங்குவதும் அதுதான். ஆனால் ஸ்பிரிங் அமுங்கினால் சும்மா இருக்காது, துள்ளும். மறுபடி அமுங்கும். மறுபடி துள்ளும்.

குழந்தைத் தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டால் அது தானாக நிற்க நேரம் ஆகும். அம்மா கையை வைத்தால் உடனே அடங்கும். அந்தக் கைதான் ஷாக் அப்சர்பர். உள்ளே ஆயில் இருக்கிறது. சின்னச் சின்னத் துவாரம் வழியாக அந்த ஆயில் கஷ்டப்பட்டுப் போய் வருகிறது. அந்தக் கஷ்டத்தில் துள்ளல் அடங்கி, சூடாக மாறிப் போகிறது. ஆயில் கசிந்துவிட்டால் தூளி மேல் கை இல்லை.

கை இல்லாத சக்கரம் ரோட்டில் ஒட்டாது. குதித்துக் குதித்துப் போகும். குதிக்கும் சக்கரத்தில் எத்தனை நல்ல பிரேக் இருந்தாலும் பலன் குறைவு. ஏ.பி.எஸ். இருந்தாலும் அதுவே குழம்பும். பள்ளம் விழுந்த ரோட்டில் பிரேக் அடித்தால் கார் நிற்கும் தூரம் கூடிவிடும். "ஷாக் போனா சொகுசுதான் போகும்" என்று நினைக்கிறவர்கள் நிறைய. போவது சொகுசு மட்டுமல்ல.

பானட் மூலையை அமுக்கிவிட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். ஒரு தடவைக்கு மேல் ஆடினால் ஷாக் போய்விட்டது என்பார்கள். பாய் அதை முழுக்க நம்புவதில்லை. "அப்படி ஆடுச்சுன்னா ஷாக் செத்தே போச்சுன்னு அர்த்தம். ஆடலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல" என்கிறார்.

அறுத்தால் என்ன ஆகும்?

ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் மிச்சம் ஐந்து. வண்டி இறங்கும், வாஸ்தவம். கூடவே ஸ்பிரிங் 20 சதவீதம் முரடாகிவிடும். கம்பி நீளம் குறைந்தால் வளைய மறுக்கும் அல்லவா?

அது கூடப் பரவாயில்லை. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அது உட்காரும் கிண்ணத்துக்குத் தகுந்த மாதிரி செய்யப்பட்டது. அறுத்த முனை அந்தக் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது. நீளமும் குறைந்துவிட்டதால், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகிவிடும். வேகத்தடையில் துள்ளும்போது சக்கரம் தொங்கத்தான் செய்யும். போலோ மாதிரி கார்களில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது இதுதான்.

சிலர் அறுப்பதில்லை, காஸ் வைத்துச் சூடாக்கி அமுக்குகிறார்கள். அது இன்னும் மோசம். சூட்டில் எக்கின் பதம் போய்விடும். எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

"அப்போ இறக்கவே கூடாதா பாய்?" வாலிபர் பரிதாபமாகக் கேட்டார்.

"இறக்கலாம். கம்பெனி செஞ்ச குட்டை ஸ்பிரிங் இருக்கு. ஆனா அதுக்குன்னு ஷாக்கும் மாத்தணும். பழைய ஷாக்குல குட்டை ஸ்பிரிங்கைப் போட்டா, கம்பி பாதி உள்ள போயே நிக்கும். மிச்சம் அமுங்க இடம் எங்க இருக்கு? சின்னப் பள்ளத்துக்கே அடி வாங்கும். புது ஷாக்கு கூட சீக்கிரம் போயிரும்."

குட்டை ஸ்பிரிங்கும், அதற்கான ஸ்போர்ட்ஸ் ஷாக்கும் சேர்ந்த செட்டுக்கு ஜெனரல் பீட்டர்ஸ் ரோடு கடையில் இவர்களுக்குச் சொன்ன விலை 1 லட்சத்து 10 ஆயிரம். கூலி தனி. கையில் இருப்பதோ 75.

மேட்டுக்கு மேட்டு கணக்கு

மாமா விடவில்லை. "சரி, கடன் வாங்கியே இறக்குறேன்னு வை. எவ்வளவு இறக்குவ?"

"40 மில்லி மீட்டர் மாமா."

இந்தக் காருக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, கம்பெனி கணக்கில் 168 மில்லி மீட்டர். 40 போனால் 128. நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் இன்னும் குறையும்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய ரோடு காங்கிரஸ் 1988-லேயே அளவு எழுதி வைத்திருக்கிறது. உயரம் 10 சென்டி மீட்டர். அகலம் 3.7 மீட்டர். அதாவது 12 அடிக்கு மேல் நீண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மேல் இருக்கும் அளவுக்கு அகலம். அப்படி இருந்தால் இறக்கிய கார் கூடத் தட்டாமல் போய்விடும்.

நம் தெருக்களில் அப்படியா இருக்கிறது? ஒன்றரை அடி அகலத்தில், அரை அடி உயரத்தில் தார் மூட்டையைக் கொட்டியது போல ஒரு மேடு. வெள்ளைக் கோடு கிடையாது. போர்டு கிடையாது. சில தெருக்களில் குடியிருப்பவர்களே சிமெண்டைக் குழைத்துப் போட்டுவிடுகிறார்கள். முன் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் மறுபக்கம், நடுவில் காரின் வயிறு. மழைக்காலத்தில் மெட்ரோ ரயில் வேலை, கழிவுநீர்க் குழாய் வேலை என்று தோண்டி மூடிய பள்ளம் வேறு.

வாலிபரின் வீட்டிலிருந்து கம்பெனி வரை எத்தனை வேகத்தடை என்று மாமா எண்ணச் சொன்னார். 19! போக 19, வர 19. மாமா டயரியில் அதையும் எழுதிக்கொண்டார்.

17 அங்குல வீல் சமாசாரமும் இங்கே அடிபட்டது. வீல் பெரிதானால் டயரின் சுவர் குட்டையாகும். பள்ளத்தில் விழுந்தால் டயருக்கு வளைந்துகொடுக்க இடமில்லை. வீல் விளிம்பு நேரடியாக அடி வாங்கும். பெரிய வீல் பெரும்பாலும் எடையும் கூட. எடை கூடிய சக்கரத்தை அடக்க ஷாக்குக்கு இன்னும் கஷ்டம். கண்ணுக்கு அழகு, காருக்குப் பாரம்.

போலீஸ் என்ன செய்யும்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, 182-ஏ என்ற பிரிவையும் சேர்த்தார்கள். அனுமதி இல்லாமல் பாகங்களை மாட்டி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

ஸ்பிரிங் உயரம் ஆர்.சி. புத்தகத்தில் இல்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாடலாம். ஆனால் அதை நடுரோட்டில் இன்ஸ்பெக்டரிடம் நின்று வாதாட வேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் அதைவிடக் கெட்டி. மாற்றம் செய்ததைச் சொல்லாமல் மறைத்தால், விபத்துக்குப் பிறகு பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடும். கை உடைந்த நண்பரின் காரைப் பார்க்க வந்த சர்வேயர் முதலில் போட்டோ எடுத்தது, அறுத்த ஸ்பிரிங்கைத்தான்.

தேய்ந்த பாகத்தைக் கழற்றிவிட்டு, அதே அளவில் புதுசு போடுவதற்கு இந்த வம்பு எதுவும் இல்லை. அது ரிப்பேர்.

புதுக் கணக்கு

அன்று சாயந்திரம் ஷெட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ வரவழைத்து, மாமா டயரியில் புதுப் பக்கம் திருப்பினார். பாய் சொல்லச் சொல்ல எழுதினார். விலையெல்லாம் இவர்கள் விசாரித்த விலை. கடைக்குக் கடை மாறும்.

டயர் நான்கு, கம்பெனி கொடுத்த அதே அளவில்: 24 ஆயிரம். இதுதான் முதல் செலவு என்று பாய் பிடிவாதமாகச் சொன்னார். காருக்கும் ரோட்டுக்கும் உள்ள உறவு, நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அது கல்லாக இருந்தால் எந்த ஷாக்கும் காப்பாற்றாது.

ஷாக் அப்சர்பர் நான்கும்: 14 ஆயிரம். கசிவது ஒன்றுதான், ஆனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். முன்பக்க மவுண்டிங், பேரிங் இரண்டு பக்கமும்: 3,600. பம்ப் ஸ்டாப்பர், தூசிக் கவர்: 2,400. லோயர் ஆர்ம் புஷ்: 3 ஆயிரம். லிங்க் ராடு ஜோடி: 2,600. கூலி 6 ஆயிரம். வீல் அலைன்மென்ட், பேலன்சிங்: 1,800.

ஆக மொத்தம் 57 ஆயிரத்து 400 ரூபாய்.

ஸ்பிரிங் வரியே காணோம் என்று வாலிபர் கேட்டார். பாய் டேப் வைத்து, நான்கு சக்கரத்திலும் நடுவிலிருந்து மேல் வளைவு வரை அளந்து காட்டினார். இடது வலது வித்தியாசம் 5 மில்லி மீட்டருக்குள்தான். ஸ்பிரிங் உடையவில்லை, உட்காரவும் இல்லை. எதற்கு மாற்ற வேண்டும்?

"இப்ப ஷாக் மாத்திக்கிறேன். ஆறு மாசம் கழிச்சு குட்டை ஸ்பிரிங் வாங்கிப் போட்டுக்கிறேன் பாய்."

இந்த இடத்தில்தான் மாமா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஸ்பிரிங் மாத்தணும்னா ஷாக்கை மறுபடி கழட்டணும் இல்லையா பாய்?"

"ஆமா சார்."

"மறுபடி கூலி?"

"ஆமா. அலைன்மென்டும் மறுபடி."

"அந்த ஸ்பிரிங்குக்கு இந்த ஷாக் சேராதுன்னும் சொன்னீங்க. அப்ப இந்த 14 ஆயிரமும் போச்சு, கூலி ரெண்டு தடவை. மாப்ளே, இப்பவே ஒரு முடிவு சொல்லு. இறக்குறதா இருந்தா ஒரு வருஷம் பொறுத்து, பணம் சேர்த்து, மொத்தமா ஒரே தடவையில செய். அதுவரைக்கும் டயரும் புஷ்ஷும் மட்டும் போட்டுக்கிட்டு, மெதுவா ஓட்டு. இறக்கலைன்னா இந்த லிஸ்ட்டை இன்னைக்கே முடி."

காருக்கு அடியில் படுத்தே பழகிய பாய்க்குக்கூட இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாகத் தோன்றியதில்லையாம். பலர் பணத்தை இழப்பது இதில்தான். மாசம் ஒரு பாகம் வாங்கி மாட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் அதே நட்டைக் கழற்ற வேண்டும். மூன்றாவது பாகம் வந்ததும் முதல் பாகம் பொருந்தாது என்று தெரியும்.

கசியும் ஷாக்கோடு ஒரு வருடம் ஓட்டுவதா? கட்டிலில் கட்டுப் போட்டுக் கிடக்கும் நண்பர் வாலிபரின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "லிஸ்ட்டை முடிச்சிடலாம் மாமா" என்றார். குரலில் சுரத்து இல்லை.

பழைய ஷாக் வாங்கினால் பாதி விலையில் முடியுமே என்று யாரோ ஷெட்டில் சொன்னார்கள். பாய் முறைத்தார். எந்தக் காரிலிருந்து கழற்றியது, எத்தனை ஆயிரம் மைல் ஓடியது என்று தெரியாத பொருள். பில்லும் இருக்காது. போலீஸ் வந்து கேட்டால் பதிலும் இருக்காது.

இரண்டு நாள் வேலை

ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை இரண்டு நாள் ஆனது. துருப்பிடித்த போல்ட்டு ஒன்று உள்ளேயே முறிந்துகொண்டது. அதை வெல்டிங் வைத்து எடுத்து, புது போல்ட்டு வாங்க 1,400. பழைய டயரைக் கழற்றியபோது ஒரு வீல் விளிம்பு நெளிந்திருந்தது தெரிந்தது. நிமிர்த்த 800. இந்த 2,200 ரூபாய் எந்த லிஸ்ட்டிலும் இல்லாதது. கையில் இருக்கும் பணம் முழுவதற்கும் திட்டம் போட்டிருந்தால், கார் பலகை மேல் நின்றிருக்கும்.

ஒரு சின்ன விஷயம். லோயர் ஆர்ம் போல்ட்டை பாய் கார் தூக்கியிருந்தபோது முழுசாக முறுக்கவில்லை. சக்கரத்தைப் போட்டு, காரின் எடை தரையில் இறங்கிய பிறகுதான் படுத்து முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால், புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியுமாம். அவசரக்கார ஷெட்டுகளில் இதைச் செய்வதில்லை. ஆறு மாதத்தில் "கம்பெனி புஷ் மோசம்" என்று பழி.

கடைசியாகக் காற்று. வாலிபர் முன் டயரில் 40 பவுண்டு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார், யாரோ சொன்னார்களாம். என்ன காற்று வைக்க வேண்டும் என்று காரிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கிறது. அதன்படி வைத்தார்கள். இதற்கு மட்டும் செலவு இல்லை.

சாயந்திரம் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். பாய் முன்னால், மாமா பின்னால். அயனாவரத்திலிருந்து வில்லிவாக்கம் வழியாக ஒரு சுற்று. "கடக் கடக்" இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஒரே தடவையில் அடங்கியது. வளைவில் மூக்கு வெளியே தள்ளவில்லை. வாலிபரின் முகம் மெல்ல மாறியது. இரண்டாவது சுற்று அவராகவே போனார். மூன்றாவது சுற்றுக்குத் திருப்பியபோது மாமா இறங்கிக்கொண்டார்.

கார் வெளியில் பார்க்க முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கிறது. உயரம் அப்படியே. வீல் அதே 15 அங்குலம். கம்பெனியில் "என்னடா, 60 ஆயிரம் செலவு பண்ணேன்னு சொன்ன, எங்கடா காட்டு?" என்று கேட்கிறார்களாம். காட்ட ஒன்றும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விடும் நாளுக்கு இப்போது பெயர் கொடுத்திருக்கிறார். குட்டை ஸ்பிரிங் போட்டோ அவருடைய செல்போனில் இன்னும் இருக்கிறது.

ஸ்பிரிங் அறுக்கும் ஆள் 500 ரூபாய் அட்வான்சைத் திருப்பித் தரவில்லை. மூன்று தடவை போய்க் கேட்டும் "அடுத்த வாரம்" என்கிறார். மாமா அதையும் டயரியில் செலவாக எழுதிவிட்டார்: "ஸ்பிரிங்கை அறுக்காமல் இருந்ததற்கு, ரூ.500." மிச்சம் 14 ஆயிரத்து 900.